ரிப்பீட் சொல்லாத ஆபரேட்டர்

இஸ்திரி அக்கா துணி தேய்ப்பவர் அல்ல. போரில் படுகாயம் பட்டு ராணுவத்திலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு வெளியுலகில் வேலை தேடித் தரும் மறுவாழ்வு மையத்தில் அவர் ஆலோசகர். கசங்கிச் சுருண்ட கதையோடு ஒருவர் வந்து எதிரே உட்கார்ந்தால், கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் அதை மடிப்புக் கலையாத பயோடேட்டாவாக்கிக் கையில் கொடுத்துவிடுவார். அதனால் அந்தப் பெயர். நேரில் எல்லோரும் வெறும் அக்கா என்பார்கள். இஸ்திரி என்பது முதுகுக்குப் பின்னால்தான். அது அவருக்கும் தெரியும். இதைவிட மோசமான பெயர்களை முதுகில் சுமந்துகொண்டு நடமாடும் அதிகாரிகளைப் பார்த்திருந்ததால், இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த வித்தையை அவர் கற்றது ஒரு கல்யாணத் தகவல் நிலையத்தில். வரன் தேடி வருகிறவர்களைப் பற்றி நாலு வரி எழுதித் தருவது அங்கே அவர் வேலை. கறுப்பாக இருந்தால் மாநிறம். வேலை இல்லையென்றால் சொந்தத் தொழில். எடுத்ததற்கெல்லாம் கையை ஓங்குகிறவர் கண்டிப்பானவர். கேட்டதற்குக்கூட வாயைத் திறக்காதவர் அமைதியான சுபாவம். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் செய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? ஆனால் பொய் என்ற வார்த்தையே அக்காவுக்கு ஆகாது. பதமாகச் சொல்வது என்பார். ஊராருக்கெல்லாம் இப்படிப் பதமாக எழுதியவர், தனக்கென்று எழுதும்போது மட்டும் ஏனோ உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டார். கோபம் வரும், சமையல் வராது என்று. அதற்குப் பிறகு அந்த நிலையத்தில் அவருக்கு உத்தியோகம் இருந்தது, வரன் வரவில்லை.

கூடப் பிறந்த பெரியக்கா ஓய்வு பெற்ற நர்ஸ். இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து யாருக்காவது பயோடேட்டா எழுதிக்கொண்டிருந்தால் பெரியக்கா தோள் வழியாக எட்டிப் பார்ப்பார். "நீ எழுதினா எமனுக்கே வேலை கெடைக்கும்டி. மக்கள் தொடர்பு அதிகாரின்னு போட்டுடுவ" என்பார். தங்கை கோபித்துக்கொள்ள மாட்டார். எமனுக்குப் பொருத்தமான வேறு வேலை உண்டா என்று ஒரு நிமிடம் உண்மையிலேயே யோசிப்பார்.

மறுவாழ்வு மையம் ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. கால் இல்லாதவர்கள் வந்து போகும் அலுவலகத்தை மூன்றாம் மாடியில் வைக்கலாம் என்று முடிவு செய்த மகானுக்கு இரண்டு காலும் நன்றாக இருந்திருக்க வேண்டும். அங்கே உட்கார்ந்துகொண்டு அக்கா போரை அலுவலகப் பேச்சாக மாற்றிக்கொண்டிருந்தார். தொலைவிலிருந்து குறி பார்த்துச் சுடுகிறவர் நெடுநேரம் கவனம் சிதறாதவர் ஆனார். துணி ஆலை ஒன்று அவரைச் சக்கர நாற்காலியோடு கூட்டிக்கொண்டுபோய், ஓடுகிற துணியில் இழை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்க உட்கார வைத்தது. கண்ணிவெடி எடுக்கிறவரைப் பற்றி, எந்தச் சூழலிலும் அவசரப்படாதவர் என்று எழுதினார். அவருக்கு ஓர் அரசாங்க அலுவலகத்தில் கவுண்டரில் இடம் கிடைத்தது. அவர் புதிதாகச் சேர்ந்தவர் என்பதையே அங்கே வெகுநாள் யாரும் கவனிக்கவில்லை.

இப்படி எல்லோரையும் கரையேற்றிய அக்காவிடம் கரையேற மாட்டேன் என்று நின்றவர் ஒருவர்தான். அவரை மையத்தில் ஆபரேட்டர் என்பார்கள். ராணுவத்தில் ரேடியோ ஆபரேட்டர். இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது. மிச்சமிருந்ததில் உருப்படியானவை குரலும் காதும். குரல் என்றால் அப்படி ஒரு குரல். மழை வரும் என்று அவர் சொன்னால், வெயிலில் நிற்கிறவன்கூடக் குடையைத் தேடுவான்.

அவர் கதை எல்லோருக்கும் தெரியும். பதக்கம் கொடுத்தபோது மேடையில் வாசித்தார்கள், பத்திரிகையிலும் வந்தது. எதிரிகள் சூழ்ந்துகொண்டபோது, தன் உயிரைப் பொருட்படுத்தாமல், தான் இருந்த இடத்தின் மேலேயே குண்டு போடும்படி ரேடியோவில் பீரங்கிப் படைக்கு உத்தரவு கொடுத்தவர். அவரோடு அதே குழியில் இருந்த இரண்டு வீரர்கள் அங்கேயே உயிரை விட்டார்கள். அவர்கள் காத்து நின்ற மலை கைவிட்டுப் போகாமல் தப்பியது. இதைப் படித்தபோது அக்காவுக்கு மயிர் கூச்செறிந்தது. கூடவே கையும் தானாகப் பேனாவை எடுத்தது. நெருக்கடியில் தயங்காமல் முடிவெடுப்பவர் என்று எழுதினார். ராணுவத்துக்குப் போவதற்கு முன்னால் அவர் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தார் என்று தெரிந்ததும் அக்காவுக்கு இன்னும் சந்தோஷம். எழுந்து போன நாற்காலியிலேயே திரும்ப உட்கார வைத்தால் முடிந்தது வேலை.

ஆனால் நாற்காலி அவ்வளவு சுலபத்தில் கிடைக்கவில்லை. முதலில் ஒரு வங்கி அவரை வரவேற்பில் உட்கார வைத்தது. அவருடைய பதக்கப் படத்தைப் பெரிதாக்கி அவர் தலைக்கு மேலேயே மாட்டியிருந்தார்கள். வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், ஆளைப் பார்த்தார்கள், பணம் போட வந்ததை மறந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்கள். வியாபாரம் படுத்துவிட்டது என்று வங்கி கைகழுவியது. பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் வீரம் பற்றிப் பேசுவதற்கு வைத்தார்கள். அங்கே அவர் போய் நின்று வணக்கம் சொன்னதோடு சரி, ஒரு வார்த்தை பேசவில்லை. அமைதியான சுபாவம் என்று எழுதிக் கொடுத்து அக்கா அவரை அங்கிருந்து மீட்டுக்கொண்டு வந்தார்.

மூன்றாவது வேலை கிடைத்த விதம்தான் வேடிக்கை. ஒருநாள் மூன்றாம் மாடிக்குப் போகும் லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. உள்ளே அக்கா மட்டும். அவசரப் பொத்தானை அழுத்தினார். லிஃப்ட் கம்பெனியின் உதவி மையத்திலிருந்து ஒரு பெண் குரல் பேசியது. பயப்படாதீர்கள், நான் இணைப்பில் இருக்கிறேன் என்றது. அக்காவுக்குப் பயம் எங்கே வந்தது? இந்த வேலைக்குக் கண் தேவையா என்றுதான் முதலில் கேட்டார். அடுத்து, உங்கள் மேனேஜர் பெயர் என்ன என்றார். மெக்கானிக் வந்து கதவைத் திறந்தபோது அக்கா உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்து பயோடேட்டா சொல்லிக்கொண்டிருந்தார். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று பெரியக்காவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். தெய்வம் வரவில்லை, லிஃப்ட் கயிறு பழசாகிவிட்டது என்றார் பெரியக்கா.

லிஃப்ட் கம்பெனியின் மேனேஜர் நல்ல மனிதர். நல்ல மனிதர் என்று தன்னைப் பற்றி நாலு பேர் பேச வேண்டும் என்பதிலும் அக்கறை உள்ளவர். ஆபரேட்டரின் கதையைக் கேட்டதும் எழுந்து நின்றுவிட்டார். ஒரு காதில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவர், மற்றக் காதில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் கம்ப்யூட்டர், தட்டச்சுக்கு இடது கை. எல்லா ஏற்பாடும் செய்தார்கள். மூன்று மாதம் தகுதிகாண் காலம், அதில் தேறினால் வேலை நிரந்தரம்.

முதல் வாரம் ஒரு சிக்கல் வந்தது. ரேடியோ பழக்கத்தில் ஆபரேட்டர் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஓவர் என்று முடித்தார். இருட்டு லிஃப்டில் தனியாக நிற்கும் ஒருவருக்கு, "உங்களுக்கு உதவி வந்துட்டிருக்கு, ஓவர்" என்று ஒரு கனத்த குரல் சொன்னால் எப்படி இருக்கும்? ஒரு பெண்மணி எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, வீட்டு பீரோ சாவி எங்கே இருக்கிறது என்று சொல்லத் தொடங்கிவிட்டார். சக ஊழியர்கள் சிரித்து ஓய்ந்து அவருக்கு ஓவர் அண்ணன் என்று பெயர் வைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த நாளே அந்தப் பழக்கத்தை விட்டும்விட்டார். இவ்வளவு சீக்கிரம் ஒரு பழக்கத்தை விடுகிறவர் எங்கே போனாலும் பிழைத்துக்கொள்வார் என்று அக்கா நிம்மதியாக இருந்தார்.

நிம்மதி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். உதவி மையத்தில் பேசுவதற்கென்று எழுதி வைத்த வசனம் இருந்தது. மாட்டிக்கொண்டவர் தன் முகவரியைச் சொன்னதும், அது சரியாகக் காதில் விழுந்தாலும் விழாவிட்டாலும், ஆபரேட்டர் "மன்னிக்கணும், ரிப்பீட் பண்ணுங்க" என்று கேட்டு, அவர் வாயாலேயே இன்னொரு முறை சொல்ல வைக்க வேண்டும். நாளைக்கு வழக்கு வந்தால் காட்டுவதற்காக வக்கீல்கள் செய்த ஏற்பாடு. பேச்சைக் கேட்டு மதிப்பெண் போடுவது மனிதர் அல்ல, கம்ப்யூட்டர். அந்த வார்த்தைகள் அப்படியே அதன் காதில் விழுந்தால்தான் மதிப்பெண். இல்லையென்றால் அந்த அழைப்புக்கே முட்டை. நம் ஆபரேட்டர் அந்த இடத்தில் மட்டும், தானே முகவரியை முழுக்கத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு முகவரிகூடத் தவறவில்லை. ஒரு மதிப்பெண்ணும் வரவில்லை.

வசனத்தை மாற்ற முடியாதா என்று அக்கா கேட்டார். மேனேஜருக்கும் ஆசைதான். தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். மேலதிகாரிகள் ஆட்சேபம் இல்லை என்றார்கள். வக்கீல்களும் தலையாட்டினார்கள். கம்ப்யூட்டரைப் பராமரிக்கிறவர்கள் மட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார்கள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தகுதிகாண் காலமோ அந்த வாரத்தோடு முடிகிறது.

அக்கா ஆபரேட்டரின் வீட்டுக்குப் போனார். அவர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை, மனைவிதான் இருந்தார். மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண், பேச்சு நறுக்கென்று இருக்கும். வேலை போய்விடலாம் என்று அக்கா எப்படியெப்படியோ பதமாகச் சொல்லிப் பார்த்தார். அந்தப் பெண் பதத்தையெல்லாம் தள்ளிவிட்டு விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.  காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, அவரு இப்ப என்கூடச் சண்டை போடறாரு, தெரியுமா? கொழம்புல உப்பு இல்லைங்கறாரு. ரேடியோ சத்தத்தைக் கொறைங்கறாரு. ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து எதைக் குடுத்தாலும் தின்னுட்டு, எங்க உக்கார வெச்சாலும் உக்காந்துட்டிருந்தவரு. வேலைக்குப் போக ஆரம்பிச்சப்புறம்தான் எனக்குப் புருஷன் திரும்பி வந்திருக்காரு. அவரைத் திருப்பி அனுப்பிடாதீங்க."

உப்பில்லாத குழம்புக்காக இவ்வளவு சந்தோஷப்பட்ட மனைவியை அக்கா அதுவரை பார்த்ததில்லை. கல்யாணத் தகவல் நிலையத்தில் எழுதிய எத்தனையோ ஜோடிகள் நினைவுக்கு வந்தன. இந்த வேலை நிலைக்கவில்லை என்றால் நாலாவது வேலை என்று ஒன்று கிடையாது என்பதை அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. மையத்தின் விதி அது. மூன்று முறை தவறினால், வேலைக்குத் தகுதியற்றவர் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்கு மட்டும் அக்காவிடம் பதமான மாற்றுச்சொல் இல்லை.

மறுநாள் ஆபரேட்டரை மையத்துக்கு வரவழைத்தார். குழந்தைக்குக் கசப்பு மருந்து புகட்டுகிற மாதிரி உட்கார வைத்து, எங்கே, சொல்லுங்கள் பார்க்கலாம் என்றார். ஆபரேட்டர் வாயைத் திறந்தார், மன்னிக்கணும் என்பதுவரை வந்தது. அதோடு நின்றது. பாட்டாகப் பாடிப் பாருங்கள் என்றார் அக்கா. நான் சொல்கிறேன், கூடவே சொல்லுங்கள் என்றார். என்ன ஜாலம் செய்தும் பலிக்கவில்லை. அக்காவுக்குத்தான் கோபம் வருமே, வந்தது. இதென்ன வீம்பு, ஒரு வார்த்தைக்காக வீட்டில் இருப்பவள் வாயில் மண்ணைப் போடுவீர்களா என்று சத்தம் போட்டுவிட்டார். ஆபரேட்டர் அந்தச் சத்தம் அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

"வீம்பு இல்லக்கா. ரேடியோ பழகுனப்ப முத நாளே சொல்லிக் குடுத்தது இது. காதுல சரியா விழலைன்னா 'மறுபடி சொல்லு'ன்னுதான் கேக்கணும். ரிப்பீட்னு சொல்லவே கூடாது. பீரங்கிக்காரங்களுக்கு அதுக்கு வேற அர்த்தம். போன தடவை எங்க போட்டீங்களோ, அங்கயே இன்னொரு தடவை போடுங்கன்னு அர்த்தம்."

அக்காவுக்கு அப்பாடா என்று இருந்தது. இவ்வளவுதானா? ஓவர் போன மாதிரி இதுவும் போய்விடும். "இங்க ஏது தம்பி பீரங்கி? லிஃப்டுதானே நின்னுட்டிருக்கு" என்று சிரித்தார்.

ஆபரேட்டர் சிரிக்கவில்லை. மேஜையின் விளிம்பை இடது கையால் தடவிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார். மலைச்சரிவில் ஒரு குழி. அதில் மூன்று பேர். எங்கே குண்டு விழ வேண்டும் என்று பின்னால் இருக்கும் பீரங்கிப் படைக்கு ரேடியோவில் சொல்வது அவர்கள் வேலை. முதல் முறை போட்டபோது குண்டுகள் தூரம் போகாமல், இவர்கள் குழிக்குப் பக்கத்திலேயே விழுந்துவிட்டன. இன்னும் தள்ளிப் போடச் சொல்லி இவர் கத்தினார். பதிலுக்கு அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள். ஒரே இரைச்சல், ஒன்றும் விளங்கவில்லை. காதெல்லாம் புழுதி. பக்கத்தில் இருந்தவன் தோளைப் பிடித்து உலுக்கினான். அந்த நேரத்தில் ராணுவத்தில் படித்த பாடம் எதுவும் வாயில் வரவில்லை. அதற்கு முன்னால் ஹோட்டலில் வருஷக்கணக்காகச் சொன்னதுதான் வந்தது.

"'மன்னிக்கணும் சார், ரிப்பீட் பண்ணுங்க'ன்னு சொன்னேன்கா. அறைச் சாப்பாடு கேக்கறவங்ககிட்ட சொல்ற அதே மரியாதையோட. மன்னிக்கணும் சார் காத்தோட போயிடுச்சு. ரிப்பீட் மட்டும் போய்ச் சேர்ந்துச்சு."

பீரங்கிப் படைக்காரர்கள் சொன்ன சொல் தவறாதவர்கள். அதே இடத்தில் இன்னொரு முறை போட்டார்கள். எதிரிகள் அந்தக் குழியை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது குழியில் இருந்த மூன்று பேருக்கும் தெரியாது. ஊர்ந்து வந்தவர்களும் அந்தக் குண்டுகளில் மாட்டிக்கொண்டார்கள், மீதிப் பேர் ஓடிவிட்டார்கள். ஆபரேட்டருக்கு ஆஸ்பத்திரியில் நினைவு வந்தபோது, அவர் தன்மேலேயே குண்டு போடச் சொன்ன மாவீரர் என்று முடிவாகியிருந்தது. இறந்த இருவரும் அதற்குச் சம்மதித்த மாவீரர்கள்.

"மொதல்ல மயக்கத்துல ஒண்ணும் புரியலை. புரிஞ்சப்ப அவங்க வீடுகளுக்கும் பதக்கம் போயிடுச்சு. ரெண்டு வீட்டுலயும் அந்தக் கதையைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்காங்களாம். நான் போய் அதை எறக்கி வெக்கவா, சொல்லுங்க."

 அப்போதும், பழக்க தோஷம், அக்காவின் மனத்தின் ஒரு மூலையில் பேனா ஓடத் தொடங்கியது. தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட சிறு குறைபாடு என்று அது எழுதியது. தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது அவருக்கு. இத்தனை நாளும் அவர், மையம், மேனேஜர் எல்லோரும் இந்த மனிதரைப் பட்டாளத்திலிருந்து எப்படி வெளியே கொண்டுவருவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கோளாறு அதில் இல்லை. அன்றைக்கு அந்தக் குழியில் இருந்தவர் முழுதாகப் பட்டாளத்துக்குள் போகாத ஒரு ஹோட்டல் ஆபரேட்டர். இப்போது அவரை உட்கார வைத்திருப்பது அதே டெலிபோன் முன்னால், அதே வசனத்தோடு. இந்த ஏற்பாட்டுக்காக அக்காவை மையத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பாராட்டியிருந்தார்கள்.

இதற்குள் மேனேஜரிடமிருந்து அழைப்பு. குரலில் அப்படி ஒரு குதூகலம். பிரச்சினை தீர்ந்துவிட்டதாம். ஆபரேட்டர் இனி எந்த அழைப்பையும் எடுக்க வேண்டாம். கம்பெனியின் ஊக்கப் பேச்சாளராக எல்லாக் கிளைகளுக்கும் போய், தன்மேல் தானே குண்டு போடச் சொன்ன கதையை ஊழியர்களுக்குச் சொன்னால் போதும். சம்பளம் கூட, போக வரக் கார், உடனே நிரந்தரம். அக்கா எழுதிய பயோடேட்டாவைத் திரும்பப் படித்தபோதுதான், நெருக்கடியில் தயங்காமல் முடிவெடுப்பவர் என்ற வரி கண்ணில் பட்டு, இந்த யோசனையே தோன்றியதாம். அக்காவுக்கு நன்றி வேறு சொன்னார். ஆக, ரிப்பீட் என்று சொல்ல வேண்டாம். அதே கதையை ஊர் ஊராகப் போய்த் திரும்பத் திரும்பச் சொன்னால் சரி.

எதிரே உட்கார்ந்திருந்தவர் காதில் எல்லாமே விழுந்திருந்தது. அக்கா போனை வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக யாருக்கும் எதையும் தேய்த்துக் கொடுக்காமல் பேசினார். "ரெண்டும் கஷ்டம்தான் தம்பி. எது கம்மின்னு எனக்குத் தெரியலை. காரும் சம்பளமும் பெருசு, வீட்டுல சந்தோஷப்படுவாங்க. நீங்கதான் சொல்லணும்."

ஆபரேட்டர் வெகுநேரம் யோசிக்கவில்லை.

"அந்த வார்த்தையாவது நான் சொன்னதுதான்கா. அந்தக் கதை நான் சொன்னதே இல்ல."

அன்று மாலை அவர் மனைவியிடம் என்ன பேசினார் என்று அக்காவுக்குத் தெரியாது. காலையில் மனைவி போன் செய்தார். காரைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ வாயே திறக்கவில்லை. மருந்துக்கடைக்கு லீவு சொல்லிவிட்டதாகவும், இன்றைக்குத் தானே அவரைக் கொண்டுவந்து விடுவதாகவும் மட்டும் சொன்னார். அழுது முடித்த குரலாக இருந்தது.

அக்கா மேனேஜருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார். தொண்டைக் கோளாறு, பயண ஒவ்வாமை, கூச்ச சுபாவம் என்று எத்தனையோ வந்து நின்றன. எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அவருக்கு விருப்பமில்லை என்று ஒரே வரி எழுதினார். பெரியக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மேனேஜருக்கு அந்த வரி மனவருத்தம். காரணம் கேட்டார். அதுதான் காரணம் என்றார் அக்கா. நல்ல மனிதரின் முகம் சுருங்கியது. அப்படியானால் தகுதிகாண் காலத்தின் கடைசி நாளான இன்றைய அழைப்புகளைக் கம்ப்யூட்டர் கேட்கட்டும், அது தேறவில்லை என்று சொல்லிவிட்டால் தன் கையில் ஒன்றுமில்லை என்றார்.

உதவி மையத்தின் நீளமான கூடத்தில், தலையில் மாட்டிய போன்களோடு வரிசையாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மனைவி கண்ணாடிக் கதவுக்கு வெளியே கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஆபரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கூடவே கேட்பதற்கு ஒரு போனை மாட்டிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. ஏதோ கட்டடத்தில் பல் டாக்டரைப் பார்க்கப் போன பெண். பயத்தைவிடப் பல்வலியும் எரிச்சலும் அதிகம். மூச்சு விடாமல் முகவரியைக் கொட்டினாள்.

"பயப்படாதீங்கம்மா, நான் லைன்லதான் இருக்கேன்" என்றார் ஆபரேட்டர். குரல் வழக்கம்போலவே இருந்தது. இடது கை மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது. மன்னிக்கணும் என்றார். நிறுத்தினார்.  இவர் இதைச் சொல்ல வேண்டாம், எழுந்து வீட்டுக்குப் போகலாம், கோப்பை மூடினால் மூடட்டும் என்றுகூட அந்த ஒரு கணத்தில் அக்காவுக்குத் தோன்றியது.

"ரிப்பீட் பண்ணுங்க."

சொன்ன உடனே ஆபரேட்டர் தோள்களுக்குள் தலையை இழுத்துக்கொண்டு மேஜைமேல் குனிந்தார். இடது கை தலையின் பின்பக்கத்தை மூடியது, கையில்லாத வலது மணிக்கட்டும் அதன்மேல் வந்து படிந்தது. அப்படியே காத்திருந்தார். பக்கத்து நாற்காலிகளில் பேச்சு நின்றது. அவரைத் தொடலாமா கூடாதா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

"எத்தனை தடவைங்க சொல்றது?" என்று அலுத்துக்கொண்டாள் அந்தப் பெண். பிறகு கட்டடத்தின் பெயரையும் தெருவையும் மாடியையும், இந்த முறை நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். வேறெதுவும் வரவில்லை. ஆபரேட்டர் மெதுவாகத் தலையைத் தூக்கினார். இடது கையை எடுத்து விசைப்பலகையில் வைத்து, அவள் சொன்ன முகவரியைத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார்.